கால் பட்டால்

அன்னலட்சுமி தன் மருமகள் பெயிலான காரணத்தை முதலில் நம்பவில்லை.

“தொட்டுக் கும்பிட்டதுக்கோ?”

“ஓம் மாமி.”

“கால் பட்டால் தொட்டுக் கும்பிடாமல் பின்ன என்ன செய்யிறது? இன்னொருக்கால் உதையிறதோ?”

சுலோஜனா சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த பஸ் அலுப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள். கைப்பையை இன்னும் தோளிலிருந்து கழற்றவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற கிருஷாந்த், இனிக் கேட்காதேயுங்கோ அம்மா என்று கண்ணால் காட்டினான். அன்னலட்சுமி கேட்டாள். கேட்காமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

சுலோஜனா கிளிவெட்டிக்காரி. மலேசியாவுக்குப் போய்க் கைரோபிரக்டிக் படித்து வந்தவள். மருந்தும் கத்தியும் இல்லாமல் கையால் மட்டும் முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் பார்க்கிற வைத்தியம் அது. ஒழுங்கையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. முதுகு பாக்கிற பிள்ளை என்றார்கள். ஆனால் அவள் இன்னும் ஒரு முதுகையும் தனியாகப் பார்த்ததில்லை. பட்டம் மட்டும் போதாது, பல நாடுகளுக்கும் பொதுவான பரீட்சைச் சபை ஒன்றின் சோதினையில் தேறி அனுமதி எடுத்த பிறகுதான் நோயாளியில் கை வைக்கலாம் என்று அவள் வேலை செய்த தனியார் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவள் சுடுதண்ணிப் பை வைத்தாள். துவாய் மடித்தாள். அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.

எழுத்துச் சோதினை அவளுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. செய்முறையில்தான் விழுந்தாள். அது வரிசையாக அறைகள். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், அடுத்த மணிக்கு வெளியே வர வேண்டும். யாராக இருந்தாலும் ஒரே கட்டில், ஒரே கேள்வி. கை கழுவிய பிறகு தன் முகத்தையோ தலைமயிரையோ தொட்டால் அந்த அறைக்குப் பூச்சியம். இடுப்பு பார்க்கிற அறை கட்டாயமானது. அதில் பூச்சியம் என்றால் மற்ற அறைகளில் என்ன செய்தும் பயனில்லை.

அந்த அறையில் படுத்திருப்பவர் ஒருக்களித்து, மேல்காலை மடித்து முன்னே விட வேண்டும். சுலோஜனா முன்னால் நின்று, ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பின் பின்புறத்திலும் வைத்து, தன் தொடையை அவருடைய மடித்த தொடையில் சாய்க்க வேண்டும். முறித்துச் சொடக்கு எடுப்பதில்லை. அந்த நிலையில் பிடித்துக் காட்டினால் போதும். அப்படிச் சாயும்போது அவளுடைய ஒரு கால் நிலத்தை விட்டு எழும். எழுந்த கால் மற்றவரின் காலில் படும். படாமல் அதைச் செய்ய வழியில்லை. பட்டவுடன் அவளுடைய வலது கை இறங்கி, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

முதல் தடவை தான் அப்படிச் செய்தது அவளுக்கே தெரியாது. முடிவு சொல்லும்போது, வெள்ளைக்காரப் பரீட்சகர் ஒருத்தி ஆறுதலாக, நீ முகத்தைத் தொட்டாய் என்றாள். தான் தொடவில்லை என்று சுலோஜனா வாதாடினாள். பிறகு அவள் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்க வைத்திருந்த தோழி கீர்த்தனிதான், தொட்டனீங்கள் அக்கா, நான் கண்டனான் என்றாள். இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனாள். வழி முழுக்கத் தொடக் கூடாது, தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு போனாள். கை கேட்கவில்லை.

இனி ஒரேயொரு தடவைதான். அதிலும் விழுந்தால் திரும்ப மலேசியாவுக்குப் போய் ஒரு வருஷம் படித்துவிட்டுத்தான் எழுதலாம். அது நடக்காத காரியம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“மரியாதைக்கு முட்டை போடுற சோதினை” என்றாள் அன்னலட்சுமி. “நல்ல சோதினைதான். போய்க் குளிச்சிட்டு வா பிள்ளை, சொதி சூடாக்கிறன்.”

*

அன்னலட்சுமி குடாவின் மறுகரையில் கட்டைபறிச்சானில் பிறந்து, கலியாணம் கட்டி இந்தக் கரைக்கு வந்தவள். வீடு உள்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. புருஷன் ஞானசேகரம் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பல் மேடைக்கு வந்தால் கயிறு பிடித்துக் கட்டுவார், போகும்போது அவிழ்த்து விடுவார். கையெல்லாம் காய்த்துப்போன மனிதர். மனைவியைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைக் கட்டியிருந்த சாரத்தில் தேய்த்துக்கொள்வார், அப்படித் தேய்த்தால் மெதுமையாகிவிடும் என்பதுபோல. ஒருநாள் மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை. மகன் இப்போது அதே துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற படகில் வேலை செய்கிறான்.

அவர் போனபிறகு அவள் இடியப்பம் அவிக்கத் தொடங்கினாள். விடியவும் பின்னேரமும் கடைகளுக்குக் கொடுத்தாள். மா குழைத்து, உரலில் அடைத்து, கைகளால் அமுக்கிப் பிழிகிற வேலையில் தோள்கள் இறுகி, கழுத்து உடம்புக்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதை அவள் நோய் என்று நினைக்கவில்லை. வயது என்று நினைத்தாள்.

கீர்த்தனி ஒருநாள் தொதல் இனிப்புத் தட்டோடு வீட்டுக்கு வந்தாள். சுலோஜனாவின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறவள். தட்டைக் கொடுத்துவிட்டு வெட்கத்தோடு வயிற்றில் கை வைத்தாள். அன்னலட்சுமி அவளை உச்சி மோந்தாள். சுலோஜனாவும் சிரித்துக் கட்டிப் பிடித்தாள். கீர்த்தனி போனபிறகு சுலோஜனா கதிரையில் இருந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவளுக்குச் சந்தோசம் வந்ததில உனக்கு என்ன பிள்ளை முகம் இருண்டு போச்சு?”

“ஐயோ அப்பிடி இல்லை மாமி. எனக்கு இனிப் படுக்க ஆள் இல்லை.”

சோதினைக்குப் போகிறவர் தன்னோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் உடம்பில்தான் செய்து காட்ட வேண்டும். பிள்ளைத்தாச்சி ஆகாது. பெண்ணுக்குப் பெண்தான் வரலாம். சோதினைக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

சுலோஜனா கிளிவெட்டியில் தமக்கையைக் கேட்டாள். தமக்கைக்கு வயலில் அறுப்பு. பக்கத்து வீட்டு லோஜினியைக் கேட்டாள். அவளுடைய புருஷன் ஏலாது என்றான், முதுகைத் திறந்து காட்டுறதாமே என்றான்.

“நான் வாறன்” என்றாள் அன்னலட்சுமி.

“நீங்களோ?”

“ஏன், எனக்கு முதுகு இல்லையோ?”

கிருஷாந்த் குசினி வாசலில் நின்று சிரித்தான். “அம்மா, அங்க கட்டில்ல வாய் திறக்கக் கூடாதாம். உங்களுக்கு அது ஏலுமோ?”

“நீ உன்ட கப்பலைப் பார்.”

சுலோஜனா மட்டும் சிரிக்காமல் மாமியைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்தது. கீர்த்தனியின் காலில் பட்டதற்கே அடங்காத கை, மாமியின் காலில் பட்டால் என்ன செய்யும்? அதை அவள் சொல்லவில்லை. வேறு ஆளும் இல்லை.

வயதான ஆள் என்றால் எலும்பு நல்லாயிருக்கிறது என்று டொக்டர் சொல்ல வேண்டும். அன்னலட்சுமி போய் எக்ஸ்ரே படம் எடுத்துவிட்டு வந்தாள். கடைக்கு இடியப்பம் கொடுக்கப் போன இடத்தில் கடைக்காரன் இக்ராமிடம், “என்ட எலும்பு பாஸ்” என்றாள்.

“எலும்பு பாஸாகி என்ன அக்கா, வாய் எப்பவோ டிகிரி முடிச்சிட்டுதே” என்றான் அவன்.

*

மடக்குக் கட்டிலை ஹோலில் தொலைக்காட்சிக்கும் அலுமாரிக்கும் நடுவில் போட்டார்கள். பின்னேர இடியப்பம் போனபிறகு பழகுவது என்று ஏற்பாடு. சுலோஜனா கிளினிக்கிலிருந்து ஒரு கவுன் கொண்டுவந்தாள். முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து, நாடாவால் முடிச்சுப் போடுகிற கவுன்.

“இதென்ன, கதவில்லாத அலுமாரி மாதிரி?” என்றாள் அன்னலட்சுமி. கதவைப் பூட்டச் சொன்னாள். யன்னலையும் சாத்தச் சொன்னாள். பிறகு காத்து இல்லை என்று யன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். குப்புறப் படுத்து, கட்டிலின் தலைமாட்டில் இருந்த ஓட்டையில் முகத்தை வைத்ததும் சீமெந்து நிலமும் தன் செருப்பும்தான் தெரிந்தன.

“மாமி, இப்ப உங்கட முதுகில கை வைக்கப் போறன். சரியோ?”

“வையன். அதுக்கென்ன கேள்வி.”

“கேக்க வேணும் மாமி. கேக்காட்டில் புள்ளி குறைப்பினம். நீங்கள் ஓம் எண்டு சொல்ல வேணும்.”

“ஓம்.”

சுலோஜனா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, முள்ளந்தண்டின் இரு பக்கமும் வைத்தாள்.

அன்னலட்சுமி கதைத்துக்கொண்டிருந்தாள். அரிசிமா விலையைப் பற்றி, முன்வாசலில் படரவிட்டிருந்த கொடியை ஊருக்குள் திரிகிற மான் வந்து கடித்ததைப் பற்றி. கைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, ஒவ்வோர் எலும்பாகத் தடவி, ஓர் இடத்தில் நின்று அமுக்கி, விட்டு, மறுபடி நகர்ந்தன. அவளுடைய கதை நடுவில் நின்றுபோனது. மான் கொடியைக் கடித்தபிறகு என்ன செய்தது என்று அவள் சொல்லவில்லை.

அவளை யாரும் தொட்டுக் கனகாலம். மிச்சக் காசு தரும்போது விரல்கள் படும். பிரஷர் பார்க்கிற தாதி கையில் பட்டி சுற்றுவாள். மகன் வருஷப்பிறப்புக்குக் காலில் விழுந்து எழும்புவான். அவ்வளவுதான். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை. இப்போது நிலத்தில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு சீமெந்தில் விழுந்தது. வேர்வை என்று எண்ணினாள். யன்னலைத் திறந்து வைத்திருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“நோகுதோ மாமி?”

“இல்லை. நீ செய்.”

கொஞ்சநேரத்தில் அவள் நித்திரையானாள். கிருஷாந்த் வந்து கதவைத் தட்டியபோது சுலோஜனா உள்ளேயிருந்து, “சத்தம் போடாதேங்கோ, அம்மா படுக்கிறா” என்றாள். அவன் படியில் இருந்து தேத்தண்ணி இல்லாமல் காத்திருந்தான்.

*

கழுத்தும் தோளும் முதுகும் சரியாக வந்தன. இடுப்பில்தான் நின்றார்கள்.

அன்னலட்சுமி ஒருக்களித்து, மேல்காலை மடித்துக் கிடந்தாள். சுலோஜனா எல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் தொடையைச் சாய்க்கிற இடத்தில் அப்படியே நின்றாள்.

“வை பிள்ளை.”

“வைக்கிறன் மாமி.”

“எப்ப, சித்திரைக்கோ?”

சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். அவளுடைய கால் மாமியின் கணுக்காலில் பட்டது. கை பாம்பு மாதிரி இறங்கி, தொட்டு, கண்ணுக்குப் போனது.

“போச்சு” என்றாள் அன்னலட்சுமி.

அடுத்த நாளும் போனது. அதற்கடுத்த நாள், இடது கையைத் தோளிலிருந்து எடுக்காதே, வலது கையை இடுப்பிலிருந்து எடுக்காதே, ரெண்டையும் என்னில ஒட்டி வைச்சிரு என்றாள் அன்னலட்சுமி. ஒட்டித்தான் வைத்திருந்தாள். நிலையை விட்டு இறங்கியவுடன் கை போனது. கிருஷாந்த் படகுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கையைக் கட்டுவோமா என்று கேட்டு இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கினான். இன்னொரு நாள் அன்னலட்சுமி குசினியில் பச்சைக் கொச்சிக்காய்களை நசித்து, சுலோஜனாவின் விரல் நுனிகளில் பூசிவிட்டாள்.

“இனிக் கண்ணுக்குக் கொண்டு போனால் தெரியும்.”

“உங்கட உடம்பு எரியும் மாமி.”

“எரியட்டும். கவுனுக்கு மேலால பிடி.”

கால் பட்டது. கை போனது. சுலோஜனா ஐயோ என்று குந்திவிட்டாள். அன்னலட்சுமி கட்டிலிலிருந்து இறங்கி, முதுகு திறந்த கவுனோடு ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, மருமகளின் தலையை மடியில் சாய்த்து, கண்களைக் கழுவினாள். ஊற்றிக்கொண்டே, “எந்தத் தாய் பெத்து வளத்தாளோ, இப்பிடி மரியாதையாய்” என்று திட்டினாள்.

சுலோஜனா மடியிலிருந்து எழும்பவில்லை. கண் எரிவு நின்றபிறகும் அழுதாள்.

“நான் போகேல்லை மாமி. கிளினிக்கில துவாய் மடிக்கிற வேலை இருக்குத்தானே. அது போதும்.”

அன்னலட்சுமி செம்பைக் கீழே வைத்தாள். இவள் சோதினையில் தேறினால் பின்னேரம் முழுக்கக் கிளினிக்கில் நிற்பாள், பிறகு இந்தக் கட்டில் எதற்கு என்ற எண்ணம் சில நாட்களாக அவளுக்கு வந்து போனது உண்மை. போகாமல் விட்டாலும் கட்டில் மடிந்துவிடும். அது வேறு விதமாக மடியும். துவாய் மடிக்கிற கைகள் அவளை இப்படிப் பார்க்கமாட்டா என்று அவளுக்குப் பட்டது.

“துவாய் மடிக்கவோ உன்ட கொப்பர் வயலை வித்து அனுப்பினவர்?” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “என்ட தோள் இப்ப மேலுக்கு வருது பிள்ளை. உரலை அமத்தேக்க தெரியுது. இதைச் செய்யத் தெரிஞ்ச கையை வீட்டில வைச்சிருக்கிறதே?”

சுலோஜனா மூக்கை மாமியின் கவுன் நுனியில் துடைத்தாள்.

“அது கிளினிக் கவுன்” என்றாள் அன்னலட்சுமி.

*

“இக்ராம் தம்பி, நாளைக்கும் நாளையிண்டைக்கும் இடியப்பம் இல்லை. சோதினைக்குப் போறன்.”

“என்ன பாடம் அக்கா?”

“இடுப்பு.”

கொழும்பில் வெள்ளவத்தையில் சுலோஜனாவின் சித்தி வீட்டில் தங்கி, காலையில் போனார்கள். பெரிய கட்டடம் ஒன்றின் ஒரு மாடி முழுவதையும் சோதினைக்கு எடுத்திருந்தார்கள். குளிரூட்டி பலமாக ஓடியது. படுக்க வந்தவர்களை ஓர் அறையில் இருத்தி, கவுன் கொடுத்து, விதிகளை வாசித்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெண் பிள்ளை மொழிபெயர்த்தாள். கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். சோதினை எழுதுகிறவருக்குக் கண்ணாலோ கையாலோ ஒன்றும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நொந்தால் சொல்லலாம்.

“விளங்கிச்சோ அம்மா?”

“ஓம் பிள்ளை.”

பக்கத்தில் இருந்த தடித்த சிங்களப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் யாருடைய மாமியாகவோ தாயாகவோ இருக்க வேண்டும். இரண்டு பேரும் கவுனின் பின்பக்கத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்தது. கழுத்து அறை. அடுத்த மணி, தோள் அறை. சுலோஜனா உள்ளே வந்து கை கழுவி, மாமியைத் தெரியாத ஆள்போல வணக்கம் சொல்லிப் பெயரைக் கேட்டாள். அன்னலட்சுமி, “ஞானசேகரம் அன்னலட்சுமி” என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சொன்னாள். நோயாளியோடு அவருடைய மொழியில் பேசலாம், பேசியதைப் பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சுலோஜனாவின் கைகள் வழக்கம்போலச் சூடாக இருந்தன. அன்னலட்சுமிக்கு இரண்டு தடவை கண் சொருகிக்கொண்டு வந்தது. நித்திரையாகக் கூடாது என்று தொடையைக் கிள்ளினாள்.

இடுப்பு அறையில் நரைத்த குட்டை மயிரோடு வெள்ளைக்காரி ஒருத்தி, மடியில் கணினித் தட்டை வைத்துக்கொண்டு இருந்தாள். அவள்தான் முதல் தடவை ஆறுதலாகச் சொன்னவள் என்று சுலோஜனாவின் முகத்திலேயே அன்னலட்சுமி கண்டுகொண்டாள்.

சுலோஜனா கை கழுவினாள். விரல் இடுக்குகளெல்லாம் கழுவினாள்.

“இடது பக்கம் சரிஞ்சு படுங்கோ அம்மா. மேல்காலை மடிச்சு முன்னுக்கு விடுங்கோ. என்ட காலை உங்கட கால்ல சாய்க்கப் போறன். சரியோ?”

“ஓம்.”

ஒரு கை தோளில் வந்தது. ஒரு கை இடுப்பில் வந்தது. மருமகளின் மூச்சு அன்னலட்சுமியின் நெற்றியில் பட்டது. பசியின் மணம் அதில் இருந்தது. காலையில் இவள் ஒன்றும் சாப்பிடவில்லை, சித்தி கொடுத்த பாண் துண்டைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தொடை சாய்ந்தது. சப்பாத்துக் கால் நிலத்தை விட்டு எழுந்தது. கணுக்காலில் பட்டது.

சுலோஜனா அந்த நிலையைப் பிடித்தபடி நின்றாள். வெள்ளைக்காரி குனிந்து பார்த்தாள். தட்டில் ஏதோ அழுத்தினாள். போதும் என்று தலையை ஆட்டினாள். இனி இறங்க வேண்டும். இறங்கும்போதுதான் அது நடக்கும்.

தோளிலிருந்த கை விடுபட்டது. இடுப்பிலிருந்த வலது கை விடுபட்டு, கீழே இறங்கத் தொடங்கியது. அன்னலட்சுமி அதைக் கண்டாள். கண்ணாலோ கையாலோ ஒன்றும் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவள் ஒன்றும் சொல்ல நினைக்கவும் இல்லை. கால் பட்டிருக்கிறது, அதற்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு அதைச் செய்ய விதி இல்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய கை தானாகப் போய், சப்பாத்து பட்ட தன் கணுக்காலைத் தொட்டது. பிறகு அதைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

சுலோஜனாவின் கை பாதியில் நின்றது. கொஞ்சநேரம் காற்றில் அப்படியே நின்று, திரும்பிப் போய்க் கட்டிலின் விளிம்பைப் பிடித்தது.

வெள்ளைக்காரி நிமிர்ந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

“அம்மா” என்றாள் சுலோஜனா. “உங்களுக்குக் கண்ணில ஏதும் செய்யுதோ எண்டு கேக்கிறா. தலை சுத்துதோ?”

“இல்லை. சுகமாத்தான் இருக்கு.”

“கால் நோகுதோ?”

“அதுவும் இல்லை. பட்டிட்டுது. அவ்வளவுதான்.”

சுலோஜனா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்ல எடுத்த நேரத்தைப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள்போல இருந்தது. வெள்ளைக்காரி அன்னலட்சுமியைப் பார்த்தாள். பிறகு சுலோஜனாவின் கைகளைப் பார்த்தாள். அவை கட்டில் விளிம்பில் இருந்தன. மணி அடித்தது.

*

முடிவு பின்னேரம் சொல்வார்கள். நடைபாதையில் வரிசையாகக் கதிரைகள். சுலோஜனா மாமியின் பக்கத்தில் இருந்தாள். கடதாசியில் சுற்றிய பாணை அன்னலட்சுமி பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க, வாங்கித் தின்றாள்.

“ஏன் மாமி அப்பிடிச் செய்தனீங்கள்? எனக்குச் சொல்லித் தரவோ?”

“சொல்லித் தரக் கூடாது எண்டுதானே அந்தப் பிள்ளை சொன்னது.”

“அப்ப?”

“கால் பட்டது. ஆரோ ஒருத்தர் ஒற்றத்தானே வேணும்.”

சுலோஜனா பாணை மெல்வதை நிறுத்தினாள்.

“அது குழப்படி எண்டு நினைச்சால் என்ன செய்யிறது மாமி? அவ கேட்டவ. நான் உள்ளதைச் சொன்னனான். எங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யிறது, நான் ரெண்டு தரமும் அதாலதான் விழுந்தனான், இண்டைக்கு அவ செய்திட்டா எண்டு.”

“உள்ளதைத்தானே சொன்னாய். இனி அவள் பாடு.”

அப்படிச் சொன்னாளே தவிர, அன்னலட்சுமி பாண் சுற்றிய கடதாசியைச் சின்னதாக மடித்துக்கொண்டே போனாள். தன்னால் இந்தப் பிள்ளை விழுந்தால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? மகன் கேலி செய்த வாயை அடக்கியவள், கையை அடக்காமல் விட்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தாள். இலக்கங்களைக் கூப்பிட்டார்கள். சிலர் போய்ச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் வந்து, ஒருவரையும் பார்க்காமல் படியில் இறங்கினான்.

சுலோஜனாவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பிப் போனாள். கதவு மூடியது.

திறந்தபோது அவள் அப்படியே வாசலில் நின்றாள். தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கத்துக்கு ஆட்டுகிறாள் என்று அன்னலட்சுமிக்குத் தெரியவில்லை.

“வாயைத் திறந்து சொல்லன்!”

“பாஸ் மாமி.”

அன்னலட்சுமி நடைபாதையிலேயே கைபேசியை எடுத்துக் கிருஷாந்தைக் கூப்பிட்டாள். அவன் படகில் நின்றான். எஞ்சின் சத்தம் கேட்டது.

“உன்ட மனுசி பாஸ்!” என்று கத்தினாள். மேசையில் இருந்தவர் உதட்டில் விரல் வைத்தார். “ஓமடா, பாஸ்! சத்தம் போட விடுறாங்கள் இல்லை, வைக்கிறன்.”

உடுப்பு மாற்றுகிற அறையில் அன்னலட்சுமி சீலை கட்டினாள். அவசரத்தில் கொய்யக மடிப்பு ஒழுங்காக விழவில்லை. சுலோஜனா முன்னால் முழங்காலில் இருந்து, மடிப்புகளைக் கீழே இழுத்து ஒவ்வொன்றாக நேராக்கினாள்.

“அடுத்த மாதத்திலயிருந்து பின்னேரம் ஆக்களைப் பாக்கச் சொன்னவை மாமி. இருட்டுப்பட்டுத்தான் வருவன்.”

“நல்லது பிள்ளை. இவ்வளவும் அதுக்குத்தானே.”

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. சுலோஜனா நிமிர்ந்து பார்த்தாள். அன்னலட்சுமி சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்து முந்தானையைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் நேராக இருந்தன. முகம்தான் கொஞ்சம் சின்னதாகிப்போயிருந்தது.

சுலோஜனா எழும்பவில்லை. மடிப்பைச் செருகிய கைகளை எடுக்காமல், மாமியின் இடுப்பின் இரு பக்கமும் பின்னால் கொண்டுபோய், பெருவிரல்களால் மெல்ல அமுக்கினாள்.

“இஞ்சயோ மாமி?”

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அன்னலட்சுமி கண்களை மூடிக்கொண்டாள்.

“கொஞ்சம் கீழ.”